ஒன்றரை லிட்டர் தண்ணீரும் ஒரு காலேஜும்

இன்னும் ஒரு மடக்கு குடித்தால் நான் விமானி ஆக மாட்டேன், இந்த ஸ்கேன் சென்டரின் நீல நாற்காலியிலேயே வெடித்துவிடுவேன். ஒரு லிட்டர் பாட்டில் காலி. அரை லிட்டர் பாட்டிலில் பாதி வந்தாயிற்று. "குடிட்டி, குடி, நிப்பாட்டிராத" என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் ரிப்போர்ட்டுகள் இருக்கிற பிளாஸ்டிக் ஃபைலால் எனக்கு விசிறிக்கொண்டிருக்கிறார், ஏதோ நான் குத்துச்சண்டையில் ஒரு ரவுண்டு முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவள் மாதிரி. மணி பத்து ஐம்பது. என் டோக்கன் பதினான்கு, உள்ளே போயிருப்பது ஒன்பது. ஆளுக்கு எட்டு நிமிடம் என்று வைத்தால், வேண்டாம் எப்சி, கணக்குப் போடாதே, போட்டால் இன்னும் முட்டும். தண்ணீர் இல்லாத எதையாவது நினை. சிமென்ட் மூட்டை. அப்பளம். பங்குனி மாதத்துப் பாளையங்கோட்டை. விமானம் ஓட்டுவதற்கும் மூத்திரப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று நேற்று அம்மா கேட்டாள், நல்ல கேள்விதான். ஆனால் விமானிகளுக்குச் சான்று கொடுக்கிற மதுரை டாக்டர் எழுதிக் கொடுத்த பட்டியலில் இரத்தம், மார்பு எக்ஸ்ரே, இசிஜி, காது எல்லாவற்றோடும் வயிற்று ஸ்கேனும் இருக்கிறது. இவ்வளவும் சரியாக இருந்தால்தான் அவர் கையெழுத்துப் போடுவார், அந்தக் கையெழுத்து இருந்தால்தான் நான் பறக்கிற வழியில் முதல் அடி வைக்க முடியும். வயிறு நன்றாகத் தெரிய வேண்டுமென்றால் மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டுமாம். நிறைந்துவிட்டது. என் உடம்பில் இப்போது அது மட்டும்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. இதற்கு மேல் பன்னிரண்டு மணி வேறு இருக்கிறது. பன்னிரண்டு மணிக்குள் கோயம்புத்தூர்க் காலேஜுக்கு 'சரி, சேருகிறோம்' என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் எனக்காக நிறுத்தி வைத்திருக்கிற சீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்கள். அப்பா அந்தப் போனுக்காகக் காத்திருக்கிறார். நான் அந்தப் போன் வரக் கூடாதென்று காத்திருக்கிறேன். இதை அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சொல்லப் போகிறேன். 'அப்பா, ஒரு விசயம்' என்கிற வரைக்கும் மனதுக்குள் நன்றாகத்தான் வருகிறது. அதற்கப்புறம் எச்சில் விழுங்குகிறேன். இன்றைக்கு எச்சில் விழுங்கவும் இடமில்லை.

எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில், கருவிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது, அது சட்டப்படி குற்றம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கர்ப்பிணிகள். ஒவ்வொருத்தியும் ஒரு கையால் பாட்டிலையும் ஒரு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு, என்னைப் போலவே கால்மேல் கால் போட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அவர்கள் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. ஆனால் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, கழுத்தில் ஒன்றுமில்லாமல், அப்பாவோடு இங்கே உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன நினைக்கும்? கவுண்டரில் இருந்த அக்கா படிவத்தை நிரப்பும்போது என் கழுத்தை ஒருமுறை பார்த்தாள், அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள், பேனாவை மேலே தூக்கினாள். அப்பா எழுந்து நின்று ஹால் முழுவதற்கும் கேட்கிற மாதிரி, "பைலட் ஆவதுக்கு மெடிக்கல்மா! ஏரோப்ளேன் ஓட்டுத பைலட்!" என்றார். எல்லாப் பாட்டில்களும் ஒரு நிமிடம் அந்தரத்தில் நின்றன. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். மூன்றாவது நாற்காலியிலிருந்து எங்கள் சர்ச்சுக் கிருபாவதி பெரியம்மா அப்போதுதான் தலையைத் திருப்பிப் பார்த்தார். மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "ஸ்டான்லி மவளா? நல்லாயிரு மக்களே. எந்தக் காலேஜு?" என்றார். இதுதான். இந்தக் கேள்விதான். ரிசல்ட் வந்த நாளிலிருந்து பலசரக்குக் கடையில், சர்ச்சு வாசலில், பஸ்ஸில், பல் ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்து வைத்திருக்கும்போதுகூட இதே கேள்வி. பெயரைக் கூடக் கேட்காமல் காலேஜைக் கேட்கிறார்கள். அப்பா கோயம்புத்தூர்க் காலேஜின் பெயரைச் சொன்னார். பெரியம்மாவுக்கு அது என்ன காலேஜ் என்று தெரியாது, ஆனாலும் "ஆங்" என்று திருப்தியாகத் தலையாட்டினார். ஒரு பெயர் கிடைத்துவிட்டால் போதும், இந்த ஊர் நிம்மதியாகத் தூங்கும்.

அந்தக் காலேஜ் மோசம் என்று நான் சொல்லவில்லை. போன மாதம் அப்பாவும் நானும் போய்ப் பார்த்தோம். பச்சைப்புல், நீரூற்று, வெள்ளைச் சட்டையும் தோளில் தங்கப் பட்டையும் கறுப்பு டையுமாக நடமாடுகிற பிள்ளைகள். அப்பா அந்தத் தோள்பட்டைகளைப் பார்த்தபடியே நடந்து ஒரு பூந்தொட்டியில் இடித்துக்கொண்டார். தோட்டத்து நடுவில் ஒரு சின்ன விமானம். அப்பா என்னை அதில் உட்கார வைத்துப் படம் எடுத்தார். பிறகு, பழக்க தோஷம், கார் பானெட்டைத் தூக்குகிற மாதிரி அதன் மூக்கு மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே எஞ்சின் இல்லை. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. அப்பா மூடியை மெதுவாக இறக்கி வைத்தார். அட்மிஷன் பார்க்கிற கோகுலகண்ணன் என்பவர் புத்தகம் ஒன்று கொடுத்தார். அதை நான் ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் முழுசாகப் படித்தேன், அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்று வருடப் பட்டப்படிப்பு. விமான நிலைய நிர்வாகம், சரக்குப் போக்குவரத்து, பயணிகள் சேவை, ஆளுமை வளர்ச்சி. பறக்கிற பயிற்சி எங்கே என்று தேடினேன். முப்பத்தியோராம் பக்கத்தில், விருப்பமுள்ளவர்கள் படிப்பு முடிந்தபின் வேறொரு பயிற்சி நிலையத்தில் தனியாகச் சேர்ந்துகொள்ளலாம், காலேஜ் உதவி செய்யும் என்று இரண்டே வரி. பொய் ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் அச்சடித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். விமான நிலையத்தில் வேலை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நல்ல படிப்பாகத்தான் இருக்கும். எனக்கு விமான நிலையம் வேண்டாமே, விமானம் அல்லவா வேண்டும். பன்னிரண்டு மணி. இப்போது பதினொன்று ஏழு. டோக்கன் பதினொன்று. அப்பா ஒரு விசயம். இந்தத் தொலைக்காட்சியில் ஏன் அருவியைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள், இவர்களுக்கெல்லாம் இரக்கமே கிடையாதா.

இன்னொரு வழி இருக்கிறது என்று எனக்குச் சொன்னவர் கேப்டன் ஆல்வின். அவர் வந்த கதையை நினைத்தால் சிரிப்பு வரும், இப்போது சிரிக்கவும் முடியாது. சாயர்புரத்துக்காரர், பன்னிரண்டு வருடமாகப் பெரிய விமானங்கள் ஓட்டுகிறார், மே மாதம் லீவுக்கு வந்தவர் நேராக, நான் பிறந்ததும் அப்பா என் பெயருக்கு மாற்றிய எங்கள் எப்சிபா டிரைவிங் ஸ்கூலுக்கு வந்து நின்றார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நூற்று எண்பது பேரை ஏற்றிக்கொண்டு மேகத்துக்கு மேலே போகிற மனிதர் சமாதானபுரம் சிக்னலில் வண்டியை அணைத்துவிட்டு வியர்வை வழிய உட்கார்ந்திருக்கிறார், பின்னால் மினி பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை, அப்பா, "சார், கிளட்ச்சு! கிளட்ச்ச முழுசா மிதிங்க சார்! இது வானம் இல்ல, இங்கன எதிர்ல ஆடு வரும்!" என்று கத்துகிறார். பின் சீட்டில் நான். அந்தப் பத்து நாளும் நான்தான் பின் சீட்டு. வண்டி நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வி கேட்பேன். அவர் திரும்பாமலே, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே பதில் சொல்வார். "மொதல்ல மெடிக்கல் எடு, எப்சிபா. எத்தன பேரு எல்லாத்தையும் கட்டிச் சேந்துட்டு அப்பறம் மெடிக்கல்ல போயி அழுதான் தெரியுமா? அது கையில வந்த பெறவு லைசன்ஸ் பரீச்சைக்கு உள்ள பேப்பர் எழுது. வானிலை, வழி கண்டுபிடிக்கது, சட்டம், எஞ்சின், அப்பிடி அஞ்சு. வீட்ல இருந்தே படிக்கலாம். அத முடிச்சுட்டு நல்ல பயிற்சி நெலையமாப் பாத்துச் சேரு, இருநூறு மணி நேரம் பற. லைசன்ஸ் வந்துரும். உனக்குப் பிளஸ் டூவுல பிசிக்ஸ், மேத்ஸ் இருக்குல்லா, அது போதும். டிகிரி வேணும்னா தபால்ல படிச்சுக்கோ, அது எங்கயும் ஓடிப் போவாது." முன் சீட்டில் அப்பாவும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் கண் ரோட்டில்தான் இருந்தது, ஒன்றும் காதில் விழாதவர் மாதிரி, "இண்டிகேட்டர் போடுங்க சார்" என்றார். கேப்டன் முதல் முயற்சியிலேயே எட்டுப் போட்டு லைசன்ஸ் வாங்கினார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, சின்னப்பிள்ளை தோற்றுப்போகும்.

"டோக்கன் பதினாலு!" வந்துவிட்டது. எழுந்தேன், நிமிர முடியவில்லை, கூன் விழுந்த மாதிரியே உள்ளே போனேன். குளிர்ந்த அறை, குளிர்ந்த கட்டில், வயிற்றில் குளிர்ந்த பசை, என்னைச் சோதிக்கவே எல்லாவற்றையும் குளிரவைத்திருக்கிறார்கள். டாக்டரம்மா கருவியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "நெறையலியேம்மா. இன்னும் அரை லிட்டர் குடிச்சுட்டு வெளிய உக்காரு. அடுத்த ஆள வரச் சொல்லு" என்றார். நிறையவில்லையா? எனக்குக் கழுத்து வரைக்கும் நிற்கிறது! அழுகை வந்தது, அந்தத் தண்ணீரையாவது வீணாக்கக் கூடாதென்று அடக்கிக்கொண்டேன். வெளியே அப்பா புதுப் பாட்டிலோடு நிற்கிறார், அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "இப்பிடித்தான் திருப்பி அனுப்புவாவ, உங்கம்மாவயும் உன்ன வயித்துல வச்சிருக்கும்போது ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாவ" என்று சிரிக்கிறார். குடிக்கிறேன். பதினொன்று இருபத்தைந்து. ஒரு பயம் இருக்கிறது எனக்கு, அதையும் இப்போதே நினைத்துத் தொலைக்கிறேன். பஸ்ஸில் போனால் நான் வாந்தி எடுப்பேன். கொடைக்கானல் டூரில் வத்தலக்குண்டு தாண்டுவதற்குள் மூன்று முறை. வாந்தி எடுக்கிற பெண் விமானம் ஓட்டுவாளா, ஓட்டலாமா? அதிலும் நான் இன்றுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. வாகைக்குளம் விமான நிலையத்தில் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததுதான். அப்பா பைக்கில் கூட்டிப்போவார், நாங்கள் இருவரும் வறுகடலை தின்றுகொண்டு நிற்போம், சென்னை விமானம் வரும். அது இறங்குகிற அந்த ஒரு நொடியில், சக்கரம் தரையைத் தொட்டுப் புகை கிளம்புகிற நொடியில், என் கை தானாக மடங்கும், அதை நான்தான் இறக்கி வைப்பது மாதிரி. ஏறாத ஒன்றின் மேல் எப்படி இவ்வளவு ஆசை வரும் என்று எனக்கே தெரியாது. கேப்டனிடம் வாந்தியைப் பற்றியும் கேட்டேன். அவர், "உங்கப்பா வண்டிய நீ ஓட்டும்போது வருமா?" என்றார். வராது. ஒருநாளும் வந்ததில்லை. பின் சீட்டில்தான் எனக்குக் குமட்டும், ஸ்டியரிங் கையில் இருந்தால் வயிறு பேசாமல் இருக்கும். "அப்ப சரி" என்றார். அந்த 'அப்ப சரி' எனக்கு ஒரு மாதத்துக்குப் போதுமானதாக இருந்தது.

சரி, கேப்டன் சொன்னது சரி, முப்பத்தியோராம் பக்கம் சொல்வதும் தெளிவு, பின்னே ஏன் சொல்ல முடியவில்லை? அப்பாவின் காதைப் பார்க்கிறேன். இடது காதில் ஒரு நரை முடி நிற்கிறது. இந்த மனிதருக்குக் காலேஜ் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அதுதான் பிரச்சினை. பிளஸ் ஒன்னில் படிப்பை விட்டு லாரியில் ஏறியவர். இருபத்து மூன்று வருடமாக இந்த ஊரில் பாதிப்பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், இருந்தும் கல்யாண வீடுகளில், "நீங்க என்ன பண்ணுதிய?" என்று யாராவது கேட்டால், "சொந்தமா ஸ்கூல் நடத்துதேன்" என்பார். டிரைவிங்கை விழுங்கிவிடுவார். ஒருமுறை எதிர்ப் பந்தியிலிருந்த பேராசிரியர் ஒருவர், "எத்தன டீச்சர்ஸ்?" என்று கேட்டுவிட்டார். அப்பா ரசத்தைக் குடித்துக்கொண்டே, "ரெண்டு பேரு" என்றார். நானும் அம்மாவும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டோம். சிரிப்பு வந்தது, அப்புறம் என் அப்பளத்தை எடுத்து அப்பா இலையில் வைத்தேன். நான் கறுப்பு அங்கி போட்டுப் பட்டச் சுருளோடு நிற்கிற படத்துக்கு ஹாலில் ஏற்கெனவே ஆணி அடித்து வைத்திருக்கிறார். படமில்லாத ஆணி. போதாக்குறைக்கு சாலமோன் சித்தப்பா வேறு. அட்மிஷன் விசாரிக்கப் போனோம் என்று தெரிந்த மறுநாளே தெருமுனையில் பத்தடிக்கு ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். 'விண்ணை அளக்கும் எங்கள் குலவிளக்கு, பைலட் எப்சிபாவை வாழ்த்தி வரவேற்கிறோம்.' டிசைன் செய்தவன் என் தலையை ஏர் ஹோஸ்டஸ் உடம்பில் ஒட்டி, பின்னால் போர் விமானம் ஒன்றைப் பறக்க விட்டிருந்தான். எங்கிருந்து எங்கே வரவேற்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, நான் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லையே. இனி நான் காலேஜ் போகவில்லை, வீட்டில் உட்கார்ந்து பேப்பர் எழுதப் போகிறேன் என்றால் என்ன ஆகும்? 'ஸ்டான்லி மவ வீட்லதான் இருக்காளாம்.' அவ்வளவுதான். எங்கள் ஊரில் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரே பொருள், மாப்பிள்ளை பார்க்கலாம் என்று. பெரியம்மாக்கள் பையோடு வந்து இறங்கிவிடுவார்கள். அப்பா தலைகுனிவார். அந்தத் தலை குனிவதை நான் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் சொல்லாவிட்டால்? பாட்டப்பத்தில் இருக்கிற மனையை எனக்காக விற்கப் போகிறார், இருப்பதே அது ஒன்றுதான். அது காலேஜுக்குப் போனால் அந்த இருநூறு மணி நேரத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. மூன்று வருடம் தோளில் பட்டையை மாட்டிக்கொண்டு புல்தரையில் நடந்துவிட்டு, யாரோ ஓட்டுகிற விமானத்துக்கு யாரோ ஏறுகிற சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டு நிற்பேன். அதையும் சிரித்துக்கொண்டே செய்வேன், அப்பா மனம் நோகக் கூடாதென்று. அப்பா ஒரு விசயம். சொல்லு எப்சி. சொல். "என்னட்டி, ஏதோ சொல்ல வந்த?" என்கிறார் அப்பா. நான், "தண்ணி கசக்குது" என்கிறேன். தண்ணீர் எங்காவது கசக்குமா, கழுதை.

பதினொன்று நாற்பத்திரண்டு. மறுபடி கூப்பிட்டார்கள். இந்தமுறை நான் நடக்கவில்லை, என்னை நானே தூக்கிக்கொண்டு போனேன், விளிம்பு வரை நிறைந்த குடத்தைக் கொண்டுபோகிற மாதிரி. டாக்டரம்மா கருவியை வைத்ததும், "ஆங், இப்ப பாரு, எவ்வளவு அழகாத் தெரியுது" என்றார். என்ன அழகோ. கல்லீரல், பித்தப்பை, இடது சிறுநீரகம், வலது சிறுநீரகம் என்று பக்கத்திலிருந்த பெண்ணுக்குச் சொல்லச் சொல்ல அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு சின்ன இடைவெளி வரும், அந்த இடைவெளியில் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். ஏதாவது இருந்தால்? ஒரு கல், ஒரு கட்டி? இருந்தால் காலேஜும் வேண்டாம், கேப்டனும் வேண்டாம், யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், ஒரு சின்னக் கல் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன். அப்பாவிடம் நான்கு வார்த்தை பேசப் பயந்து, வயிற்றில் கல் வேண்டுமென்று கேட்கிறவள் என்ன ஜென்மம்? "எல்லாம் நார்மல்மா. தங்கமா இருக்கு" என்றார் டாக்டரம்மா. எனக்கு வந்த சந்தோஷத்தை அப்போதுதான் முழுசாக உணர்ந்தேன், காதெல்லாம் சூடாகிவிட்டது. நான் இதை எவ்வளவு விரும்புகிறேன் என்று, நாட்கணக்காக யோசித்தும் தெரியாதது, அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிட்டது. பாத்ரூம் எங்கே என்று கேட்டேன். ஹாலைத் தாண்டி, கடைசியில், இடது பக்கம் என்றார்கள். ஹாலைத் தாண்டியா? இந்தக் கட்டடத்தை வரைந்தவன் ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

கதவைத் திறந்தால் அப்பா நேர் எதிரே நிற்கிறார். கையில் போன் மணி அடிக்கிறது. முகமெல்லாம் சிரிப்பு. "காலேஜுலருந்துதான்ட்டி. கோகுலகண்ணன் சாரு. கன்பர்ம்னு சொல்லிரட்டா?" அவருக்குப் பின்னால், ஹாலின் கடைசியில், இடது பக்கம், அந்தக் கதவு. நடுவில் பன்னிரண்டு நாற்காலிகள், கிருபாவதி பெரியம்மா, மருமகள், பாட்டில்கள். எனக்கு இருந்தது ஐந்து விநாடி, அதற்கு மேல் ஒரு விநாடி இருந்தாலும் அவமானம். அழகாகக் கோத்து வைத்திருந்த பேச்செல்லாம், மெதுவாக ஆரம்பித்து அப்பா மனம் கோணாமல் கொண்டுபோக வேண்டிய பேச்செல்லாம் போன இடம் தெரியவில்லை. "வேண்டாம்ப்பா" என்றேன், ஒரு காலில் நின்றுகொண்டு. "எனக்கு அந்தக் காலேஜு வேண்டாம். அங்க பறக்கச் சொல்லித் தரல, ஏர்போர்ட்டுல வேல பாக்கத்தான் சொல்லித் தருதாங்க. நீங்க மொத நாளே ஸ்டியரிங்கக் கையில குடுப்பிய, அவங்க மூணு வருசத்துக்குத் தர மாட்டாங்க. நான் வீட்ல இருந்து அஞ்சு பேப்பரும் எழுதுதேன், மனைய வித்தா பறக்கதுக்கு மட்டும் விப்போம், கோவப்படாதிங்கப்பா, தள்ளுங்க!" என்று அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு ஓடினேன். ஓடினேன் என்பதுகூடச் சரியில்லை. முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகம். போன் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது.

உள்ளே தாழ்ப்பாளைப் போட்டேன். ஆண்டவரே. இந்த உலகத்தில் இதைவிடப் பெரிய நிம்மதி ஒன்று இருக்கிறதென்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஒன்றரை லிட்டர், அதற்கு மேல் அரை லிட்டர், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடக்கி வைத்த பேச்சு, எல்லாம் இறங்கிப் போய்விட்டது. உடம்பு பஞ்சாக இருந்தது. அப்புறம்தான் மெதுவாகப் பயம் வந்தது. சொல்லிவிட்டேன், அதுவும் கிருபாவதி பெரியம்மா இருக்கிற ஹாலில் வைத்து, அப்பாவை இடித்துத் தள்ளிக்கொண்டு. வெளியே மணி நின்றுவிட்டது. எடுத்துவிட்டார். மேலே கண்ணாடி உடைந்த ஒரு சின்ன ஜன்னல், அது வழியாக ஹாலில் பேசுவதெல்லாம் கேட்கிறது. அப்பாவின் குரல். போனில் பேசும்போது அவர் எப்போதுமே அக்கரையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரிதான் பேசுவார். "வணக்கம் சார், ஸ்டான்லிதான்... இல்ல சார். கன்பர்ம் பண்ணல." அந்தப் பக்கம் ஏதோ கேட்கிறார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வேற காலேஜா? இல்ல சார், வேற காலேஜும் இல்ல... எந்தக் காலேஜும் இல்ல சார்." தொண்டையைச் செருமினார். "வீட்லதான் சார் இருப்பா. ஆமா, வீட்லதான். வீட்ல இருந்து படிப்பா. நான் டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன் சார், டிரைவிங் ஸ்கூலு. இருவத்தி மூணு வருசமா. லைசன்ஸ் எப்பிடி வாங்கதுன்னு எனக்குத் தெரியும்... சரி சார். அந்தச் சீட்ட வேற பிள்ளைக்குக் குடுத்துருங்க. வச்சிருதேன்." ஹாலில் யாரோ பாட்டில் மூடியைத் திருகுகிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு கிருபாவதி பெரியம்மா, நான் எதிர்பார்த்தபடியே, ஒரு வார்த்தை கூடக் குறையாமல்: "என்ன ஸ்டான்லி, அப்பம் பிள்ள வீட்லதான் இருக்கப் போறாளா?"

அப்பா எப்படி நிற்கிறாரோ, தலை எங்கே இருக்கிறதோ என்று எனக்குத் தெரியவில்லை, ஜன்னல் உயரத்தில் இருக்கிறது. குழாயைக் கூடத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஆமாக்கா" என்றார் அப்பா, கவுண்டரில் பைலட் என்று சொன்ன அதே சத்தத்தில். "வீட்லதான் இருக்கா. ரெண்டு வருசத்துக்கு மாப்பிள்ள கீப்பிள்ளன்னு ஒருத்தரும் எங்க வாசப்படி ஏறிராதிய. பிள்ளைக்குப் பரீச்ச இருக்கு."